என்.என். என்று இங்கே யாரும் இல்லை

சுதர்ஷினிக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது மூக்கு நுனிதான். கல்லுமலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையின் டீ மேக்கர் ஐயாகூட அந்த மூக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவளிடம் வாயைத் திறப்பார். கொழும்பிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்த பிரதீபனுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் வந்த நாளில் அவள் முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கொட்டகலையில் பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து அரை மணி நேரம் மேலே நடந்தால் பணிய லயம் என்கிற, ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை வரும். அதில் கடைசிக் காம்பரா அவளுடையது. கணவன் யோகேஸ்வரன் ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஏலத்துக்கு முன்னால் ருசி பார்க்கக் கொழும்புக்கு அனுப்பும் தேயிலை மாதிரிகளைப் பொட்டலம் போடுவாள். தூள் மூக்கில் ஏறித் தும்மித் தும்மிச் செய்யும் வேலை அது.

சதுரங்கத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மழைக்கு விளையாட்டுப் பாடம் நின்றுபோகும் நாட்களில், நூலகத்துப் பலகையைச் சுற்றி நாலு பெண் பிள்ளைகள் உட்கார்ந்து சண்டை போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். மற்ற மூன்று பேரும் விட்டுவிட்டார்கள். இவள் மாகாண மட்டம் வரை போய் ஆடினாள். உயர்தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்டது, படிப்பு அதோடு நின்றது. பலகையை மட்டும் அவள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா காலியாக இருக்கும். வேலை நாட்களில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற கட்டிடம் அது. சுதர்ஷினி சாவியைக் கேட்டு வாங்கித் தொட்டில்களை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, குட்டி மேசைகளில் ஆறு பலகைகளை விரிப்பாள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில் ஐம்பது வயது ஆள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து யோசிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரிக்கக் கூடாது. அதுவும் அங்கே ஒரு சட்டம்.

அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. ஆடுகிறவர்கள் ஆட்டத்தை எழுத வேண்டும். தாளின் தலையில் இரண்டு பேருடைய பெயரும் லயமும், அதற்குக் கீழே ஒவ்வொரு நகர்த்தலும். எழுதாதவருக்கு அடுத்த ஞாயிறு பலகை கிடையாது. ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நம்ம செய்யிறத எப்பவும் வேற யாராவதுதான் எழுதுறாங்க. கணக்கப்பிள்ளை எழுதுறாரு, கிளார்க் ஐயா எழுதுறாரு. இதையாவது நம்ம கையால எழுதுவோமே."

பதினொரு வருடம் எழுதினார்கள். தாள்கள் இரண்டு உரப் பைகளை நிரப்பிவிட்டன.

ஹட்டனில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஷிஹாப்தான் அவளுக்கு ஒரு பழைய மடிக்கணினியைத் தேற்றிக் கொடுத்தான். கூடவே, சதுரங்க ஆட்டங்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருள் ஒன்றையும் அதில் போட்டுக் கொடுத்தான். பெயர் 'எட்டுக்கட்டம்'. கொழும்புக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு. முழுப் பதிப்பை வாங்க ஆசைகாட்டுவதற்காக, ஐந்நூறு ஆட்டங்கள் அடங்கிய மாதிரித் தொகுப்பு ஒன்று அதோடு இலவசமாக வந்தது. ஒரு வரியைத் தட்டினால் பலகை விரியும், காய்கள் தாமாகவே நகரும், மேலே ஆடிய இருவரின் பெயரும் தெரியும். சுதர்ஷினிக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளில் ஐந்நூறையும் பார்த்து முடித்தாள்.

பார்த்து முடித்தவள் பஸ் ஏறி நேரே ஷிஹாப் கடைக்குத்தான் போனாள்.

"தம்பி, இந்த என்.என். யாரு? போற எடமெல்லாம் அடி வாங்குறானே."

ஷிஹாப் சிரித்துவிட்டான். "பேரு தெரியாத ஆளுக்கு அப்படித்தான் போடுவாங்க அக்கா. பழைய காலத்து வழக்கம்."

"ஜெயிச்சவன் பேரு தெரிஞ்சிருக்கு. அவனுக்கு முன்னால உக்காந்து ஆடினவன் பேரு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சு?"

"நூறு வருசத்துக்கு முந்தின கதை. அதுக்கு என்னைய ஏன் மொறைக்கிறீங்க?"

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முதல் உரப் பையை அவிழ்த்தாள். ஆறு மாதம் பிடித்தது. வேலைவிட்டு வந்து சோறு உலையில் கொதிக்கிற நேரத்தில் இரண்டு, மூன்று ஆட்டம். லீவு நாளென்றால் பத்து, பதினைந்து. யோகேஸ்வரன் ஒருமுறை தாளைப் பிடித்து வாசித்துக் கொடுத்தான், இரண்டாவது தாளிலேயே கொட்டாவி விட்டுக் கழன்றுகொண்டான். முடிவில் ஆயிரத்து நூற்றிருபத்தாறு ஆட்டங்கள் மடிக்கணினிக்குள் ஏறின.

அதில் ஒரு பிழை செய்தாள். மென்பொருளில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்றில் குடும்பப் பெயர், மற்றதில் சொந்தப் பெயர். கல்லுமலையில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? தோட்டத்து ஆளுக்கு இருப்பது லயம். அங்கே ஏழு செல்லசாமிகள் இருக்கிறார்கள். மேட்டு லயம் செல்லசாமி, பணிய லயம் செல்லசாமி, பத்துக் காம்பரா செல்லசாமி என்று சொன்னால்தான் ஆள் யாரென்று விளங்கும். ஆகவே குடும்பப் பெயருக்கான இடத்தில் அவள் லயத்தின் பெயரை அடித்தாள். அது பிழையாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. எனக்கும் அது பிழையாகப் படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஷிஹாப் சும்மா இருக்கவில்லை. கோப்பில் கொஞ்சத்தை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். மூன்றாம் வாரம் பிரதீபன் வந்து பிள்ளைக்காம்பரா வாசலில் இறங்கினார். நல்ல மனிதர்தான், பேச்சும் இனிமை. எட்டுக்கட்டத்தின் புதிய பதிப்போடு இலவசமாகக் கொடுக்க இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். 'மலைநாட்டு மாதிரித் தொகுப்பு' என்று தலைப்பும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வெளிநாட்டு ஆட்டம் எல்லாரிட்டயும் இருக்கு அக்கா. இது வேற எங்கயும் இல்ல. இன்னொண்டு. ஆட்டங்களை ஏத்துறதுக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும். வீட்டில இருந்தே செய்யலாம். நீங்க செய்தா நல்லது."

சுதர்ஷினி கோப்பு முழுவதையும் பிரதி எடுத்துக் கொடுத்தாள். லயத்துக்கு இறங்கி வரும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூளும் தும்மலும் இல்லாத வேலை, அதுவும் நாளெல்லாம் சதுரங்கத்தோடேயே இருக்கிற வேலை. தொழிற்சாலையில் எழுதிக் கொடுக்க வேண்டிய விலகல் கடிதத்தை அவள் மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டாள்.

மறு மாதம் புதிய பதிப்பு வந்தது. ஷிஹாப் கடையில் அவள் கண் முன்னாலேயே இறக்கினான். மலைநாட்டு மாதிரித் தொகுப்பு, முந்நூறு ஆட்டங்கள், இலவசம். சுதர்ஷினி முதல் ஆட்டத்தைத் தட்டினாள். வெள்ளை என்.என்., கறுப்பு என்.என். இரண்டாவதைத் தட்டினாள். வெள்ளை என்.என்., கறுப்பு என்.என். கீழே கீழே போனாள். முந்நூறு ஆட்டத்தில் பெயர் தப்பியது நாலே நாலு பேருக்கு. எப்போதோ ஹட்டனில் நடந்த பொதுப் போட்டியில் தோட்டத்து ஆட்களோடு ஆடிய வெளியூர்க்காரர்கள் அவர்கள்.

நாற்பத்து மூன்றாவது ஆட்டத்தில் அவள் கை நின்றது. அது ராசம்மாவின் ஆட்டம். ராசம்மா மேட்டு லயத்தில் இருக்கிற, இன்றைக்கும் கொழுந்து எடுக்கிற ஐம்பத்து நாலு வயதுப் பெண். நாலு மாதம் பிள்ளைக்காம்பராச் சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் "நானும் ஒரு கை பாக்குறேன்" என்று உட்கார்ந்தவள். அந்த ஆட்டத்தில் ராணியைத் தூக்கி எதிரியின் வாயில் கொடுத்துவிட்டு, குதிரையையும் மந்திரியையும் வைத்தே இருபத்து மூன்றாவது நகர்த்தலில் ராஜாவை மடக்கினாள். மடக்கப்பட்டது சுதர்ஷினி. அன்றைக்கு இரண்டு பேரும் தாளின் தலையில் தங்கள் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதினார்கள். இப்போது திரையில் ஒரு என்.என். இன்னொரு என்.என்.னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

ஷிஹாப் அவள் மூக்கைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைத் தானே எடுத்து நீட்டினான்.

"பேருங்க எங்க சார்?" என்றாள் சுதர்ஷினி. வணக்கம் சொல்லவில்லை.

பிரதீபன் பொறுமையாகத்தான் விளக்கினார். குடும்பப் பெயருக்கான இடத்தில் ஏதோ மேட்டு லயம், பணிய லயம் என்றெல்லாம் இருந்ததால் அலுவலகத்தில் அதைப் பிழை என்று நீக்கிவிட்டார்கள். நீக்கியதும் ஏழு செல்லசாமியும் ஒரே செல்லசாமி ஆகி, ஒரே நேரத்தில் மூன்று பலகையில் ஆடிக்கொண்டிருந்தார். இவர்களில் யாருக்கும் போட்டிகளில் கிடைக்கிற தரப்புள்ளியும் இல்லை. சரி, சிக்கல் வேண்டாம் என்று எல்லோருக்கும் என்.என். போட்டுவிட்டார்கள்.

"இலவசமாக் குடுக்கிற மாதிரிதானே அக்கா. ஆக்கள் ஆட்டத்தைத்தான் பாப்பாங்க. பேரை யாரு பாக்கிறது?"

"சார், நான் என்ன வேலை செய்றேன்னு தெரியுமா? மாதிரிப் பொட்டலம் போடுறேன். நாங்க கொழும்புக்கு அனுப்புற மாதிரித் தூளும் இலவசம்தான். ஆனா ஒவ்வொரு பொட்டலத்துலயும் தோட்டத்துப் பேரு இருக்கணும். தூள் நல்லா வந்தாலும் பேரு போடணும், கருகிப்போனாலும் பேரு போடணும். பேரு இல்லாத பொட்டலத்தை அங்க பிரிச்சிக்கூடப் பாக்க மாட்டாங்க. தேயிலைக்கு இருக்கிற மரியாதை தேயிலை பறிக்கிற ஆளுக்கு இல்லையா?"

"அப்படிச் சொல்லேல்ல அக்கா. இது வெளியில போயிட்டு. அடுத்த பதிப்பில பாப்பம்."

"இப்பப் பாருங்க. இல்லாட்டி எடுத்திருங்க. இலவசம்னா ஆட்டம்தான் இலவசம். எங்க பேரு இல்ல."

"நீங்க எங்களோட வேலை செய்யப் போற ஆள். இப்படிப் பேசினா எப்படி?"

"அப்ப அந்த வேலையும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை ஷிஹாப் கையில் கொடுத்தாள். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு அழுகை வந்தது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்கல்லவா தெரியும்.

வீட்டில் யோகேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேரு போனாப் போவுது புள்ள. யாரு இங்க பேருக்கு ஏங்கிக்கிட்டு இருக்கா? தேடி வந்த வேலையை ஒதைச்சிட்டு வந்து நிக்கிறியே."

"ஏங்க, ஆட்டோவுக்குப் பின்னால யார் பேரை எழுதியிருக்கீங்க?"

"நம்ம மவ பேரு."

"அழிச்சிருங்க. பேரு இல்லாமலும் ஓடத்தானே போவுது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. எடுக்காதது மட்டுமில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட வருகிறவர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான்.

அன்றைக்குப் பலகை விரிக்கவில்லை. சுதர்ஷினி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கேட்காமல் கோப்பைக் கொடுத்தது தன் தவறு என்றும் சொன்னாள். பிறகு, நாமே ஒரு தொகுப்பைப் போடலாம், அதையும் இலவசமாகக் கொடுக்கலாம், ஆனால் பெயரும் லயமும் இல்லாமல் ஒரு ஆட்டம்கூடப் போகாது என்றாள். தோற்ற ஆட்டம் வெளியே போக விருப்பமில்லாதவர்கள் இப்போதே சொல்லலாம், எடுத்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

பத்துக் காம்பரா செல்லசாமி எழுந்தார். அவர் நூற்று நாற்பது ஆட்டம் தோற்றவர். தோட்டத்திலேயே அதுதான் அதிகம்.

"ஒண்ணையும் எடுக்காத தாயி. அத்தனையும் நான் ஆடினது" என்றார்.

யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஷிஹாப் கடைக்குப் பழுதுபார்க்க வருகிற ஒவ்வொரு கணினியிலும், சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு, அந்தக் கோப்பை இலவசமாகப் போட்டுக் கொடுத்தான். இணையத்திலும் ஏற்றினான். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பு அது. டிக்கோயா, தலவாக்கலை என்று கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஆனால் கொழும்புக் கம்பெனியின் தொகுப்பு அதைவிட நூறு மடங்கு வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது, என்.என்.களோடு.

இரண்டு மாதம் போனது. தெற்கே காலி நகரத்தில் இருக்கிற சிங்களச் சதுரங்க ஆசிரியர் ஒருவர் எட்டுக்கட்டத்தின் நாற்பத்து மூன்றாவது ஆட்டத்தை எடுத்து ஒரு காணொளி போட்டார். ராணியைக் கொடுத்த இடத்தில் அவர் நாற்காலியை விட்டே எழுந்து நின்றுவிட்டார். யார் இந்த என்.என். என்று கேட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். கம்பெனிக்குக் கேள்வி மேல் கேள்வி போயிற்று.

பிரதீபன் மறுபடி அழைத்தபோது மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். சுதர்ஷினி தொழிற்சாலையிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்கி வரும் வழியில் கொழுந்து மடுவத்துக் கொட்டகையருகே நின்றாள். அங்கே வரிசையில் முதுகில் மூட்டையோடு ராசம்மா நின்றிருந்தாள். யார் பேசுகிறது என்று தெரிந்ததும் சுதர்ஷினி வரிசைக்குப் போய் ஸ்பீக்கரைப் போட்டுத் தொலைபேசியை நடுவில் பிடித்தாள்.

"அக்கா, நல்ல செய்தி" என்றார் பிரதீபன். "நாப்பத்து மூணாவது ஆட்டத்தில வெள்ளைக் காயால ஆடினவங்க யாரெண்டு சொல்லுங்க. இந்தக் கிழமையே பேரைப் போடுறம். படமும் எடுக்க வாறம். உங்களுக்குச் சொன்ன வேலையும் அப்படியேதான் இருக்கு."

"கறுப்புல ஆடினவ பேரு?"

"அது தேவையில்ல அக்கா. தோத்தவங்கதானே. அவங்க என்.என். எண்டே இருக்கட்டும். இப்படி அடி வாங்கினத வெளிய சொல்ல யாரு விரும்புவாங்க? அவங்களுக்கும் அதுதான் மரியாதை."

ராசம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, நான்தான் அந்த வெள்ளைக் காய்க்காரி. மேட்டு லயம் ராசம்மா. எம் பேரைப் போடுறதா இருந்தா எனக்கு எதிர்ல உக்காந்தவ பேரையும் போடுங்க. ஆளில்லாத நாக்காலியையா நான் ஜெயிச்சேன்?"

"சரி அம்மா, ஆனா அவங்களும் சம்மதிக்க வேணுமே. தோத்த ஆள்."

சுதர்ஷினியின் மூக்கு சிவந்து காது வரை ஏறியிருந்தது. ஆனால் பேசியபோது ஒவ்வொரு சொல்லையும் அளந்து, எழுதிக்கொள்கிறவருக்கு வசதியாகத்தான் பேசினாள்.

"கறுப்புல ஆடினது பணிய லயம் சுதர்ஷினி. நான்தான் சார். இவங்க ராணியைக் குடுத்தாங்க, நான் பேராசைப்பட்டு எடுத்தேன், இருபத்து மூணாவது நகர்த்தல்ல மாட்டினேன். அந்த என்.என். நான்தான். எழுதிட்டீங்களா? இனி மத்தவங்க பேரையும் எழுதுங்க. கோப்பு உங்ககிட்டயேதான் இருக்கு, லயத்தோட இருக்கு. ஒருத்தர் பேரு விட்டுப்போனாலும் எங்க ஆட்டம் ஒண்ணும் உங்ககிட்ட இருக்கக் கூடாது. வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் பிரதீபன். ராசம்மாவின் முறை வந்தது, மூட்டையை இறக்கித் தராசில் வைத்தாள்.

மேலிடம் பேசியதோ இல்லையோ, அடுத்த வாரம் எட்டுக்கட்டத்திலிருந்து மலைநாட்டு மாதிரித் தொகுப்பு காணாமல் போயிருந்தது. முந்நூறு ஆட்டத்துக்கும் பெயரைத் திருத்துவதைவிட அந்த முந்நூறையும் எடுத்துவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. சுதர்ஷினி மறுநாளும் தொழிற்சாலைக்குப் போனாள், தும்மினாள், பொட்டலம் போட்டாள்.

தொகுப்பைத் தேடிக் காணாத காலி ஆசிரியர் எப்படியோ ஷிஹாப் ஏற்றிய கோப்பைக் கண்டுபிடித்தார். பழைய காணொளியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் மடிக்கணினியைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். "மேட்டு லயம் ராசம்மா, பணிய லயம் சுதர்ஷினி" என்று அவர் சிங்கள நாக்கில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். பிறகு பதினேழாவது நகர்த்தலில் நிறுத்தி, சுதர்ஷினி எடுத்திருக்கக் கூடாத ராணியை ஏன் எடுத்தாள், எடுத்ததால் எப்படி மாட்டினாள் என்று ஏழு நிமிடம் விளக்கினார். ஒவ்வொரு முறையும் முழுப் பெயரைச் சொல்லியே விளக்கினார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யோகேஸ்வரனுக்கு அது பொறுக்கவில்லை.

"இப்பிடி ஊரறிய மானத்தை வாங்குறானே. நிப்பாட்டச் சொல்லவா?"

"சும்மா இருங்க" என்றாள் சுதர்ஷினி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "தப்புப் பண்ணினது நான். அது எம் பேருலயே இருக்கட்டும்."